மணி ஒலிக்காத ஆட்டம்

தேன்கனிக்கோட்டையில் அந்தி சாயும் வேளையில் ஓசைகள் பல எழுகின்றன. பேட்டராய சுவாமி கோயிலின் மணி ஒலிக்கிறது. பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான அழைப்பு வருகிறது. நமது சிற்றாலயத்தில் மூவேளை செபத்திற்கான மணி அடிக்கிறது. இவற்றிடையே, இரவுப் பணிக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு ஓசூர்ச் சாலையில் விரையும் தொழிற்சாலைப் பேருந்துகளின் இரைச்சலும் கேட்கிறது. ஆனால் முன்னாளில் இவ்வேளைக்கே உரியதாயிருந்த ஓர் ஓசை மட்டும் இப்போது அரிதாகிவிட்டது. தெருவில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைத் தாய்மார் பெயர் சொல்லி வீட்டிற்கு அழைக்கும் குரலே அது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் அக்குரல்கள் ஒருங்கே எழுந்த காலம் உண்டு. இன்று அழைப்பதற்குத் தெருவில் பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீட்டிற்குள்தான் இருக்கின்றனர்; கையில் ஒளிரும் சிறு திரைக்குள் கண்களைப் புதைத்திருக்கின்றனர்.

கைபேசி விளையாட்டில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய முறையீடு எழாத பெற்றோர் கூட்டம் இந்நாளில் எந்தப் பங்கிலும் நடைபெறுவதில்லை. 'காலம் கெட்டுவிட்டது' என்று பெருமூச்சு விடுவது எளிது. ஆயினும் காலம் தானாகக் கெடுவதில்லை. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு தொடக்கம் உண்டு, காரணம் உண்டு, அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அவ்வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதோடு, நாமே செய்த தவறு ஒன்றையும் வாசகர்முன் மறைக்காது வைக்க விழைகிறோம்.

விளையாட்டு குற்றமா?

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். விளையாடுவது பாவமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அக்குவினா தோமா, தமது 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில் விளையாட்டைப் பற்றித் தனியே ஆராய்கிறார். உடலின் களைப்பு நீங்க ஓய்வு தேவைப்படுவதுபோல், உள்ளத்தின் களைப்பு நீங்க விளையாட்டு தேவை என்பது அவர்தம் கருத்து. அளவு மீறி விளையாடுவதைக் குற்றமெனக் கூறும் அவரே, விளையாட்டின் சுவையறியாது பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாய் நிற்பவனிடம் குறை உண்டு என்றும் கூறுகிறார். குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது நாம் வியந்தது இன்னும் நினைவிலிருக்கிறது. இறைவாக்கினர் செக்கரியாவோ, எருசலேம் மீண்டும் எழுந்து நிற்கும் நாளைத் தம் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வருணிக்கும்போது, முதியோர் கோலூன்றி அமர்ந்திருக்கும் அந்நகரின் தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்கும் என்கிறார். பிள்ளைகள் அஞ்சாது ஆடும் தெருவை இறையமைதியின் அடையாளமாகவே அவர் கண்டார்.

நம் மண்ணிலும் விளையாட்டு பழமையானது. கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடைக்காயும் சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. சூதின் கேட்டை உரைப்பதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். எனவே, ஆடும் ஆசையும் அது எல்லை மீறுமோ என்னும் அச்சமும் நமக்குப் புதியவை அல்ல. பின் புதியது எது?

பழைய ஆட்டங்கள் அனைத்திற்கும் ஒரு முடிவு இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். பல்லாங்குழியில் குழிகள் வெறுமையாகும். ஆடுபுலி ஆட்டத்தில் புலி அடைபடும். அன்றேல் ஆடுகள் தீரும். பரமபதத்தில் பாம்புகளுக்குத் தப்பிய காய் உச்சியைச் சென்றடையும். கில்லி அடிக்கும் சிறுவர்க்குக் கதிரவன் மறைந்ததும் ஆட்டம் முடிந்தது. இவை எதுவும் முடித்துவைக்காவிடில், வாசற்படியில் நின்ற தாயின் குரல் முடித்துவைத்தது.

ஊர் மாறிய கதை

நம் ஊரின் மாற்றத்தையும் இத்துடன் சேர்த்தே எண்ணவேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், அஞ்செட்டி ஆகிய பகுதிகள் காடும் குன்றும் கேழ்வரகு விளையும் மேட்டுநிலமுமாய்க் கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடந்தவை. 1971-இல் நிறுவப்பெற்ற சிப்காட், அதன் பின்வந்த ஆண்டுகளில் ஓசூரில் தொழில் வளாகத்தை அமைத்தது. 1980-இல் அங்கே அசோக் லேலண்டின் தொழிற்சாலை எழுந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட்டு ஓசூரிலிருந்து வெளிவந்தது. அப்பத்தாண்டிலேயே டைட்டான் கைக்கடிகாரமும் அங்கு உருவாகத் தொடங்கியது. 1997-இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்ததும், 2004-இல் கிருஷ்ணகிரி தனி வருவாய் மாவட்டமானதும், 2019-இல் ஓசூர் மாநகராட்சியானதும் இவ்வளர்ச்சியின் ஊடே நிகழ்ந்தவையே. அண்மை ஆண்டுகளில் கைபேசியின் உறுப்புகளையே செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஓசூர் வட்டாரத்தில் எழுந்து, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை அளித்துவருகிறது.

இவ்வளர்ச்சியை நாம் பழிக்கவில்லை. மழையை நம்பி வாடிய குடும்பங்கள் மாதச் சம்பளத்தைக் கண்டன. கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாகவும், பின் காரை வீடுகளாகவும் மாறின. பெண்பிள்ளைகள் தம் உழைப்பின் ஊதியத்தைத் தம் கையாலேயே வாங்கினர். ஆயினும், மூன்று முறைப் பணி வந்தபோது வீட்டின் நாள் மூன்றாகப் பிளந்தது. தந்தை இரவுப் பணிக்குச் செல்லும் வாரத்தில் தாய் காலைப் பணிக்குச் செல்கிறாள். ஒருவர் உறங்கும்போது மற்றவர் சமைக்கிறார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் வாரத்திற்கு ஒருநாளே ஒன்றாய் உண்ணும் குடும்பங்களை நம் பங்கிலேயே பெயர் சொல்லி எண்ணமுடியும். வாசற்படியில் நின்று பிள்ளையை அழைத்த குரல் இவ்வாறுதான் மெல்ல மறைந்தது. அக்குரல் மறைந்த வேளையில்தான் முடிவற்ற ஆட்டம் நம் வீட்டிற்குள் வந்து சேர்ந்தது.

முடிவற்ற ஆட்டம் பிறந்த விதம்

திரையில் ஆடும் ஆட்டம் ஒரு நல்லெண்ணத்தில்தான் பிறந்தது. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைக் காணவந்த பொதுமக்களுக்குச் சோர்வு தோன்றாதிருக்க, வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலறிஞர், அலைகாட்டித் திரையொன்றில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். அதற்கு அவர் உரிமம்கூடக் கோரவில்லை. 1972-இல் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் ஆட்டத்தை நாணயமிட்டு ஆடும் பெட்டியாக்கியபோது அது வணிகமாயிற்று. 1978-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அவ்வணிகத்தை உலகெங்கும் பரப்பியது. நாணயப் பெட்டியின் இலாபம் ஆட்டம் விரைவில் முடிவதில் இருந்தது; முடிந்தால்தானே அடுத்த நாணயம் விழும்? நாம் இளைஞராயிருந்தபோது நகரத்துக் கடையொன்றில் ஒரு ரூபாய் கொடுத்து ஆடியது நினைவிருக்கிறது. மூன்று உயிர்கள், மூன்றும் போனால் வெளியே வரவேண்டியதுதான். சட்டைப்பையின் வறுமை நம்மைக் காத்தது.

1997-இல் நோக்கியா கைபேசியில் பாம்பு விளையாட்டு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையம் மலிந்தது. 2018-இல் 'பப்ஜி' கைபேசிக்கு வந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்குவர். ஆடுகளம் சிறுகச் சிறுகச் சுருங்கும். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் இறுதிவரை எஞ்சி நிற்பவரே வென்றவர். பெரும்பாலும் நால்வர் ஓர் அணியாய்ச் சேர்ந்து ஆடுவர். நடுவில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் தோற்பர். 'சாப்பிட வாடா' என்று தாய் அழைக்கும்போது 'இரும்மா' என்று மகன் சொல்வது வெறும் கீழ்ப்படியாமை அன்று என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. அவ்வேளையில் அவன் தன் தோழர் மூவருக்குக் கடமைப்பட்டவனாய்த் தன்னை உணர்கிறான்.

இவ்வகை ஆட்டங்களை ஆடக் கட்டணமில்லை. பின் வருவாய் எவ்வாறு வருகிறது? ஆடுவோன் தன் பாத்திரத்திற்கு வாங்கும் உடையிலும் படைக்கலத்தின் ஒப்பனையிலும்தான். அதற்கு அவன் நாள்தோறும் வரவேண்டும், நெடுநேரம் இருக்கவேண்டும். ஆகவே, நாள்தோறும் வருவோர்க்குப் பரிசு, பருவந்தோறும் புதிய பட்டம், திறந்தாலன்றி உள்ளிருப்பது தெரியாத பெட்டி எனப் பலவும் அமைக்கப்பட்டன. உளவியலறிஞர் ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளில் ஓர் உண்மை புலப்பட்டது. பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்தால், தானியம் நின்றதும் புறா விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்பது தெரியாத வகையில் அளித்தாலோ, அது ஓயாது கொத்திக்கொண்டே இருக்கும். அந்தத் தெரியாமையே இன்றைய ஆட்டங்களில் தூண்டிலாய்த் தொங்குகிறது. நாணயப் பெட்டிக்கு ஆட்டம் முடிவதில் இலாபம். இன்றைய ஆட்டத்திற்கோ முடியாமலிருப்பதில் இலாபம். வரலாற்றின் திருப்பம் இதுவே.

ஆடும் பிள்ளைகள் அனைவரும் நோயாளிகள் அல்லர் என்பதையும் இங்கே கூறவேண்டும். 2019 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டு, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளுக்கும் விருப்பங்களுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு நேர்வதைக் கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாகப் பன்னிரண்டு மாத காலமாவது நீடித்து, வாழ்வைக் கடுமையாகக் குலைத்தால் மட்டுமே மருத்துவர் அதனை அப்பெயரால் அழைப்பர். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையோ இதற்கு முன்பே, 2014-இல், தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. அம்மருத்துவமனை அமைந்திருப்பது ஓசூர்ச் சாலையில். நம்மவர் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்குச் செல்லும் அதே சாலையில் இந்நோய்க்கான மருத்துவமும் இருக்கிறது.

சட்டம் எட்டிய தொலைவு

அரசுகள் வாளாவிருந்தன எனக் கூறமுடியாது. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. 2022 பிப்ரவரியில் 'ஃபிரீ ஃபயர்' தடைசெய்யப்பட்டது. ஆனால் இத்தடைகளுக்கு நாட்டின் பாதுகாப்பே காரணமாகக் கூறப்பட்டது. பிள்ளைகளின் உறக்கம் அன்று. முன்னது 2021-இல் வேறு பெயரில் மீண்டும் வந்தது; பின்னதன் மற்றொரு வடிவம் தொடர்ந்து கிடைத்தது. ஒரு கதவு மூடப்பட்டபோது பிள்ளைகள் அடுத்த கதவைக் கண்டுகொண்டனர்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களின் வரலாறு இன்னும் நீண்டது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, 2021 பிப்ரவரியில் அதனை முழுச்சட்டமாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் அது மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், குருட்டு வாய்ப்பைச் சார்ந்த ஆட்டங்களுக்கு அச்சட்டம் செல்லுமென்றும், ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை பொருந்தாதென்றும் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பண ஆட்டங்களிலிருந்து விலக்கி, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை அவ்வாட்டங்களை மூடின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

எல்லையில் வாழும் நமக்கு இவ்வரலாறு புதிதன்று. தமிழகம் 2003-இல் பரிசுச் சீட்டை ஒழித்தபோது கர்நாடகத்தில் அது நீடித்தது. 2007-இல்தான் அங்கும் ஒழிந்தது. 2021 அக்டோபரில் கர்நாடகம் இணையப் பண ஆட்டங்களைத் தடுத்தபோது இங்கே தடையில்லை. 2022 பிப்ரவரியில் அங்கே தடை நீங்கிற்று. அக்டோபரில் இங்கே தடை வந்தது. சோதனைச் சாவடியைக் கடக்கும் மனிதனுக்கு எல்லை உண்டு. கைபேசியின் அலைக்கு எல்லை ஏது? மேலும், இச்சட்டங்கள் யாவும் பணப்பையின் வாயிலில் காவல் நிற்பவை. பணம் வைக்காது, நேரத்தையே பணயமாக வைத்து ஆடும் பதினைந்து வயதுப் பையனை இவை தொடுவதில்லை. தென்கொரியா 2011-இல் பதினாறு வயதிற்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்து, பத்தாண்டுக்குப்பின் அச்சட்டத்தைக் கைவிட்டது. சீனா 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் ஒரு மணி நேரம் மட்டுமே என வரையறுத்தது. சட்டம் தேவையே. ஆயினும் அது எட்டும் தொலைவிற்கு அப்பால்தான் பிள்ளையின் படுக்கை இருக்கிறது.

அலிப்பியுசும் தெலமாக்குசும்

இவ்வுண்மையைத் திருச்சபையின் பழைய வரலாறு ஒன்று நமக்கு உணர்த்துகிறது. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை ஒப்புரைத்து எழுதிய நூலின் ஆறாம் பகுதியில், தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறுகிறார். சட்டம் பயில உரோமை சென்ற அவ்விளைஞர், மனிதரை மனிதர் வெட்டி மடிக்கும் வாட்போர்க் காட்சிகளை வெறுத்தவர். ஒருநாள் தோழர்கள் அவரை வலிந்து அழைத்துச் சென்றனர். உடலால் அங்கே இருந்தாலும் காணமாட்டேன் என்று அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திடீரெனக் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆவலை அடக்க மாட்டாது கண் திறந்தார், கண்டார், அக்கணமே வீழ்ந்தார். அதன்பின் தாமே செல்வதோடு பிறரையும் அழைத்துச் செல்பவரானார். தம் வலிமையையே நம்பியதுதான் அவரது வீழ்ச்சிக்குக் காரணம் என்பது அகுஸ்தினாரின் கணிப்பு. கண்ணை மூடியவரைக் காது காட்டிக்கொடுத்தது. இன்றைய கைபேசியும் அறிவிப்பு ஒலியால்தான் நம்மை அழைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இங்கே குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-ஆம் ஆண்டிலேயே வாட்போர்க் காட்சிகளுக்கு எதிராக ஆணை பிறப்பித்திருந்தார். அலிப்பியுஸ் வீழ்ந்ததோ அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் பின்னர். ஆணை இருந்தது, ஆட்டமும் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசர் ஹொனோரியுஸ் காலத்தில், தெலமாக்குஸ் என்னும் துறவி ஆடுகளத்திற்குள்ளேயே இறங்கி, போரிடுவோரைத் தடுக்க முயன்றார் என்றும், சினங்கொண்ட கூட்டம் அவரைக் கல்லால் எறிந்து கொன்றது என்றும், அதன்பின் பேரரசர் அக்காட்சிகளை நிறுத்தினார் என்றும் ஆயர் தியோடொரேத் தமது திருச்சபை வரலாற்றில் எழுதியுள்ளார். மேலிருந்து வந்த ஆணையால் முடியாததை, உள்ளே இறங்கிய ஒருவரின் பரிவு தொடங்கிவைத்தது.

நாம் செய்த தவறு

இனி நமது தவற்றிற்கு வருவோம். 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழி நடைபெற்றபோது, 'எப்பாடுபட்டாயினும் பிள்ளைக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுங்கள்' என்று பீடத்தில் நின்று அறிவுறுத்தியவர் நாமே. வசதியற்ற சில குடும்பங்களுக்கு நல்லோர் உதவியால் பங்கின் வழியாகவே வாங்கியும் கொடுத்தோம். அன்று அது தேவையாய் இருந்தது. ஆனால் கொடுத்த கருவியைப் பற்றி அதன்பின் ஒருமுறையேனும் நாம் விசாரிக்கவில்லை.

2022-ஆம் ஆண்டில் ஒரு நாள், தொழிற்சாலையில் பணியாற்றும் ஒரு தாய் சீருடையோடு வந்து பங்கு இல்லத்தின் வாசலில் நின்றார். (குடும்பத்தின் இசைவுடன், அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.) மகனுக்குப் பதினைந்து வயது. இரவெல்லாம் ஆட்டம்; பகலெல்லாம் உறக்கம்; பள்ளிக்குச் சென்று மாதமாகிறது; பீடச் சிறுவனாய் இருந்தவன் கோயிலுக்கே வருவதில்லை. "நீங்க சொல்லித்தானே சாமி அந்தப் போன வாங்கினோம்? இப்ப என் பையன நீங்கதான் திருப்பிக் குடுக்கணும்" என்றார். அச்சொல்லுக்கு மறுமொழி இல்லாத நாம், மறுமொழிக்குப் பதிலாகச் சினத்தை எடுத்துக்கொண்டோம். தந்தையை வரவழைத்து, கைபேசியைப் பிடுங்கி உடைத்தெறியுமாறு கூறினோம். அவரும் அவ்வாறே செய்தார். அன்றிரவே பையன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு இரவுகள் அத்தாய் உறங்கவில்லை, நாமும் உறங்கவில்லை. நற்கருணைப் பேழையின்முன் முழந்தாளிட்டபோதும் செபம் வரவில்லை. பையனின் முகமே வந்தது. மூன்றாம் நாள் காலையில் ஓசூரில் நண்பன் ஒருவனின் அறையில் அவன் இருப்பது தெரிந்தது. நாமே சென்று அழைத்துவந்தோம். வழியில் அவன் ஒன்றும் பேசவில்லை. ஊரை நெருங்கும்போது, அறிவுரை கூற எடுத்த வாயை எப்படியோ அடக்கிக்கொண்டு, "அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லித்தருவாயா தம்பி?" என்று கேட்டோம். அவன் நம்மை ஐயத்தோடு பார்த்தான்.

அவ்வாரத்தில் இரண்டு மாலைகள் நம் கைபேசியில் அவன் கற்றுக்கொடுக்க, நாம் திரும்பத் திரும்பச் சுடப்பட்டு வீழ்ந்தோம். அவன் சிரித்தான். தன் அணியைப் பற்றிச் சொன்னான். ஒருவன் கெலமங்கலத்தான், ஒருவன் எல்லைக்கப்பால் ஆனேக்கல்லைச் சேர்ந்தவன், மூன்றாமவன் எவ்வூரான் என்பதே தெரியாது. அணிக்கு இவனே தலைவன். "நான் போகலன்னா அந்த மூணு பேரும் செத்துருவாங்க, ஃபாதர். வீட்ல நான் இருக்கேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?" என்றான். இரவுப் பணிக்குப் பெற்றோர் சென்றபின் பூட்டிய வீட்டில் தனித்திருந்த பிள்ளை அவன். இருட்டில் அவன் தேடியது வெற்றியை மட்டுமன்று. தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு குரலையும்தான் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

பெங்களூரில் மருத்துவர் ஒருவரிடம் பெற்றோருடன் அவனை அழைத்துச் சென்றோம். அவர் கைபேசியைப் பற்றிக் கேட்பதற்குமுன் உறக்கத்தைப் பற்றியும், பள்ளியைப் பற்றியும், மனச்சோர்வு உண்டா என்பதைப் பற்றியும் கேட்டார். திடீரெனப் பறிப்பதைவிட, நேரத்தை ஒழுங்குபடுத்தி, உறக்கத்தை மீட்டு, இழந்த வேறு மகிழ்ச்சிகளைத் திரும்பக் கொடுப்பதே வழி என்றார். இருவரும் ஒரே வாரத்தில் இரவுப் பணிக்குச் செல்லாதவாறு பெற்றோர் தம் பணிமுறையைக் கேட்டுப் பெற்றனர். அதற்காகத் தாய் சிறிது ஊதியத்தை இழந்தார். பங்கு மன்றத்தை மாலை ஆறரை முதல் ஒன்பது வரை திறந்துவைத்தோம். இரண்டு கேரம் பலகைகள், ஒரு கால்பந்து, பொறுப்பேற்ற இரண்டு கல்லூரி மாணவர்கள். இவ்வளவே நம் முதலீடு. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வருகின்றனர். சில நாள்களில் முப்பது பேர். சில நாள்களில் மூவர்.

அப்பையன் இப்போது தொழிற்பயிற்சி நிலையமொன்றில் பயில்கிறான். ஆட்டத்தை அவன் முற்றிலும் விட்டுவிடவில்லை. இடையில் இருமுறை பழைய இரவுகளுக்குத் திரும்பினான். இருமுறையும் தாமாகவே வந்து கூறினான். இதனை வெற்றி என்று எழுத நமக்குத் துணிவில்லை. கூறுவதற்கு அவனுக்கு ஓர் ஆள் இருக்கிறது என்பதே நாம் கண்ட மாற்றம்.

நம் வீட்டின் மணி

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு எழுதியபின் நம்மைப் பற்றியும் கூறவேண்டும். அப்பையனோடு அமர்ந்த மாலைகளில்தான், திருப்புகழ்மாலை செபிக்கும்போது நம் கை எத்தனை முறை கைபேசியை நாடுகிறது என்பதைக் கவனித்தோம். செபநூலே கைபேசிக்குள் வந்துவிட்டபின், செபத்தின் நடுவே செய்தி வருகிறது. செய்தியின் பின்னே செபம் போகிறது. உணவு மேசையில் தந்தையின் கையில் கைபேசி இருக்க, மகனிடம் 'அதைக் கீழே வை' என்று கூறும் சொல்லுக்கு என்ன வலிமை இருக்கமுடியும்?

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குத்திஸ் என்னும் இளைஞரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். 1991-இல் பிறந்து 2006-இல் பதினைந்தாம் வயதில் இறந்த அவர், கணினியில் வல்லவர்; வீடியோ விளையாட்டையும் விரும்பியவர். ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரமே ஆடுவதென அவரே தமக்கு வரம்பு வகுத்துக்கொண்டார் என்பர். அவரைப் பிள்ளைகளை அடிக்கும் கோலாக்கிவிட வேண்டாம். விளையாட்டை வெறுக்காமலேயே அதற்கு ஒரு முடிவை வகுக்க முடியும் என்பதற்குச் சான்றாக மட்டும் கொள்வோம்.

தாமே முடியாத ஆட்டங்களுக்கு இனி நாம்தான் முடிவு வகுக்கவேண்டும். முன்பு கதிரவன் செய்ததை, காலியான குழிகள் செய்ததை, சட்டைப்பையின் வறுமை செய்ததை இனி வீட்டில் உள்ளவர்களே செய்யவேண்டியிருக்கிறது. அதற்குச் செய்யத்தக்கது சிறியதே. நாளுக்கு ஒருவேளை, வீட்டில் எத்தனை பேர் இருக்கின்றனரோ அத்தனை பேரும், கைபேசிகளை ஒரு கூடையிலிட்டு ஒன்றாய் அமர்ந்து உண்பது; பணிமுறை அதற்கு இடந்தராத வாரத்தில், உறங்கச் செல்லுமுன் பிள்ளையிடம் 'இன்று உன் ஆட்டம் எப்படி இருந்தது?' என்று கேட்டு மறுமொழியைக் கேட்பது. கூடையில் முதலில் விழவேண்டியது பெரியவரின் கைபேசி. நம் பங்கு இல்லத்துச் சமையலறையிலும் அப்படியொரு கூடை இருக்கிறது.

செக்கரியா கண்ட தெரு தேன்கனிக்கோட்டையில் இன்னும் உருவாகவில்லை. எனினும் கடந்த மாதம் ஒரு மாலையில் மூவேளை மணி அடித்து முடிந்தபோது, மன்றத்தின் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் தெலுங்கில் தன் மகனைப் பெயர் சொல்லி அழைத்தது. இருமுறை அழைத்தும் அவன் வரவில்லை. பந்தை விட்டுவர மனமில்லை போலும். மூன்றாம் முறை குரல் சற்றுக் கடுமையாக எழுந்தது. புழுதி படிந்த கால்களோடு அவன் ஓடுவதை நாம் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.